மௌஸ் உன்னிடம், கீபோர்டு என்னிடம்

இன்று காலை சேவை மையத்தின் ஷட்டரை உயர்த்திக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. உள்ளே போய் மூன்று சிஸ்டங்களையும் ஆன் செய்துவிட்டு, அவை விழித்துக்கொள்ளும்வரை நின்றபடியே படித்தேன். உன் மின்னஞ்சல் கணக்கை இரண்டு ஆண்டுகளாக யாரும் பயன்படுத்தவில்லையாம். இப்படியே விட்டால் அடுத்த மாதம் அழித்துவிடுவார்களாம், உள்ளே இருப்பவற்றோடு சேர்த்து. வேண்டாமென்றால் ஒரே ஒருமுறை உள்ளே போய் வந்தால் போதுமாம்.

கணக்கு உன் பெயரில். எச்சரிக்கை எனக்கு. மாற்று முகவரி கேட்ட கட்டத்தில் அன்று என்னுடையதைத்தான் கொடுத்திருந்தோம்.

நீ போய் இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன. உன் பெயர் தாங்கி எனக்கு ஒரு மடல் வருகிறது. எழுதியது ஓர் இயந்திரம்தான். இருந்தாலும் மறுபடி ஒருமுறை படித்தேன்.

பிறகுதான் அந்த 'இரண்டு' இடித்தது. நான் அதைக் கடைசியாகத் திறந்தது நான்கு ஆண்டுகளுக்கு முன்பு. கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். எப்படிக் கூட்டினாலும் நான்கு வரவேண்டும்.

காலை முழுக்க அதைத் தொடவில்லை. இது ஜூன் மாதம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அறை. ஜன்னல் கிடையாது. முகத்தைப் பார்க்காமலே கேட்கிறேன்: பெயர், பிறந்த தேதி, சாதி, மெயில் இருக்கா. அவர்கள் சொல்ல, நான் அடிக்கிறேன். இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கி வந்து, இன்னமும் கீபோர்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறேன்.

இப்போது மதியம். சாப்பாட்டு நேரம் என்று ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருக்கிறேன். உன் கணக்கை இன்னும் திறக்கவில்லை. திறப்பதற்கு முன் உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக இருக்கிறது.

*

நம் பள்ளியின் லேபிலிருந்துதான் தொடங்க வேண்டும். இருபது சிஸ்டங்கள். அவற்றில் உயிரோடிருந்தவை பதினொன்று. ஜன்னலுக்குக் கம்பி, கம்பிக்கு மேல் வலை, வலைக்கு மேல் பச்சைத் துணி. அரியலூரின் சிமென்ட் தூசி உள்ளே வந்துவிடக் கூடாது. செருப்பு வெளியே. உள்ளே வந்ததும் டீச்சர் கதவைத் தாழிடுவார். வெளிச்சம் திரைகளிலிருந்து மட்டும் வரும். அந்த நீல வெளிச்சத்தில் உன் மூக்குத்தி தெரியும், முகம் தெரியாது.

வணிகவியலும் கணினிப் பயன்பாடும் சேர்ந்த பிரிவில் நாம் இருபத்திரண்டு பெண்கள். அறிவியல் பிரிவுக்கு மதிப்பெண் போதாதவர்கள். உன் அண்ணன் பிரிவின் பெயரில் கம்ப்யூட்டர் என்ற சொல்லைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார் என்று நீ சொன்னாய். வேலை உடனே கிடைக்குமாம். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். இணையத்தில் பொருள் வாங்குவதன் படிநிலைகளை ஐந்து மதிப்பெண்ணுக்கு வரிசையாக எழுதினோம். அதுவரை நாம் இருவரும் ஒரு ஊக்குகூட அப்படி வாங்கியதில்லை.

பதினொரு சிஸ்டம், இருபத்திரண்டு பேர். முதல் நாளே டீச்சர் சட்டம் போட்டார். "ஒருத்தி அடி, ஒருத்தி மௌஸ் புடி. மாத்தி மாத்தி இழுத்துக்கிட்டீங்க, ரெண்டு பேரும் வெளிய நிப்பீங்க."

நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். நீ வலப்பக்கம். அவ்வளவுதான் காரணம். மௌஸ் உன்னிடம் போனது, கீபோர்டு என்னிடம் வந்தது. நாற்பது நிமிட வகுப்பில் சிஸ்டம் எழுந்திருக்கவே பத்து நிமிடம் ஆகும். மீதி நேரத்தில் இடம் மாறுவது வீண் என்று இருவருக்கும் தோன்றியது. அடுத்த வாரம் மாறிக்கொள்ளலாம் என்றோம். அடுத்த வாரமும் அதையே சொன்னோம்.

இரண்டு ஆண்டுகள் அப்படியே போயின. நான் எழுத்தைப் பார்க்காமல் அடிக்கப் பழகினேன். நீ எந்தப் பட்டியலுக்குள் எந்தக் கட்டளை ஒளிந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு போய் எடுப்பாய். ஒரே ஆளின் இரண்டு கைகள் மாதிரி இருந்தோம் என்று அப்போது பெருமையாக இருந்தது. இன்று நினைத்தால், இருவருக்கும் ஒவ்வொரு கை இல்லை.

உனக்குச் செய்ய வேலையில்லாதபோது என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அப்படியே படிக்கவும் கற்றுக்கொண்டாய். திரையைப் பார்க்காமல், நான் அடித்த சொல்லைச் சொல்வாய். கணக்குப்பதிவியல் வகுப்பில் அது நமக்கு மொழியாகிவிட்டது. நான் வெறும் பெஞ்சில் விரல்களால் அடிப்பேன், நீ படிப்பாய். பதிலுக்கு உன் ஆள்காட்டி விரல் மட்டும் அசையும். ஒரு தட்டு என்றால் ஆம். இரண்டு தட்டு என்றால் இல்லை. 'பசிக்குதா' என்று அடித்தால் ஒரு தட்டு. 'வீட்டுப்பாடம் முடிச்சியா' என்று அடித்தால் இரண்டு தட்டு, கூடவே ஒரு சிரிப்பு. பக்கத்திலேயே நின்றாலும் ஆசிரியருக்கு அது கேட்காது.

மின்னஞ்சல் பாடம் வந்த நாளில் அதிசயமாக இணையம் வேலை செய்தது. ஒவ்வொருவரும் ஒரு கணக்கு தொடங்குங்கள் என்றார் டீச்சர். முதலில் எனக்கு, பிறகு உனக்கு. உன் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்த்து அடித்தேன். ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்டார்கள் என்று வந்தது.

"நடுவுல ஒரு பொட்டு வையிடி, அழகா இருக்கும்" என்றாய்.

புள்ளி வைத்தேன். ஏற்றுக்கொண்டது. கடவுச்சொல்லையும் நான்தான் முடிவு செய்து அடித்தேன். திரையில் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக வந்தன. "எவ்ளோ பொட்டு" என்று சிரித்துவிட்டு, 'உருவாக்கு' என்ற பொத்தானை நீ அழுத்தினாய். என்ன அடித்தாய் என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

*

செய்முறைத் தேர்வில் தனித்தனி சிஸ்டம். வெளிப்பள்ளியிலிருந்து வந்த ஆசிரியர் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எனக்குப் பக்க வடிவமைப்பு. படத்தை நகர்த்தி, ஓரத்தைப் பிடித்து இழுத்து, பெட்டிக்குள் அடக்க வேண்டும். மௌஸ் என் கையில் தவளை மாதிரி துள்ளியது. உனக்கு ஒரு வலைப்பக்கத்துக்கான நிரல். முழுக்க அடிக்க வேண்டியது. நான்கு வரிசை தள்ளி, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி நீ குத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டக். வெகுநேரம் கழித்து இன்னொரு டக்.

வெளியே வந்ததும் செருப்பைத் தேடியபடி சொன்னாய். "ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சிருந்தா நூறு வாங்கிருப்போம். பிரிச்சு உட்டுட்டு பாதி பாதியா போடுறாங்க."

சிரித்தோம். தேர்ச்சி பெற்றோம். ஆனால் அந்தப் பாதி என்கிற சொல் எனக்குள் வேறு விதமாகத் தங்கிவிட்டது. எங்கே போனாலும் இருவரும் சேர்ந்துதான் போகவேண்டும் என்று. அதை நான் அன்பு என்று நினைத்தேன்.

கல்லூரிக்கு விண்ணப்பித்த நாளும் அப்படித்தான். அரியலூரில் ஒரு பிரவுசிங் சென்டர். நீ கல்லங்குறிச்சிக்கு அப்பாலிருந்து பஸ்ஸில் வந்தாய். கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கோயிலைத் தாண்டி அரியலூர் வரை வந்திருந்தாய். விண்ணப்பம் போடுவது உன் வீட்டில் யாருக்கும் தெரியாது. இடம் கிடைத்துவிட்டால் காகிதத்தைக் காட்டிப் பேசலாம், கிடைக்காத இடத்துக்கு எதற்குச் சண்டை என்றாய். அது சரியான திட்டம். அதில் ஒரே ஒரு பலவீனம் நான்.

"எங்க அண்ணன் நம்பருக்கு மட்டும் அடிச்சுடாத. வூட்ல தெரிஞ்சா அத்தோட முடிஞ்சுது. எது வந்தாலும் நேரா வந்து சொல்லு."

"மெயிலுக்குத்தான் வரும். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"சேந்தே போவமாடி?"

மேசையில் ஒரு தட்டு தட்டினேன். உன் மொழியில்.

அன்று மட்டும் கடவுச்சொல்லை மூன்று முறை அடித்தேன். நீ என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாய்.

*

இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை.

உனக்குக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை. வணிகவியல் பட்டப்படிப்பு, நேரில் வரவேண்டிய நாள் வெள்ளிக்கிழமை, கொண்டுவரவேண்டிய சான்றுகள். உன் பெயர், பொட்டு வைத்த முகவரி. உன் தரவரிசை எனக்கு வெகுமுன்னால் இருந்தது. என் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

குளித்து, உடை மாற்றி, பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். இதை நீ நம்ப வேண்டும். கல்லங்குறிச்சி வழியாகப் போகும் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் ஏறச் சொன்னார். வண்டி நகரும்வரை அதன் படிக்குப் பக்கத்தில் நின்றேன். ஏறவில்லை.

பொறாமை என்று சொல்லிவிட்டால் எளிது. கொஞ்சம் இருந்தது. ஆனால் என்னை நிறுத்தியது வேறொரு முட்டாள்தனம். எனக்கும் நாளை வந்துவிடும், இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ மட்டும் போகிற செய்தியை நான் எப்படி வந்து சொல்வது. நீ அழுத்தவும் நான் அடிக்கவும் சேர்ந்தே எல்லாவற்றையும் செய்திருந்தோம். உன் பாதி மட்டும் தனியாக நகர முடியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அல்லது தோன்றியது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

செவ்வாய் வரவில்லை. புதன் வரவில்லை. வியாழன் முழுக்க மழை, அது ஒரு சாக்கு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். நீ உங்கள் ஊரில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று தெரியாது. எதற்கோ காத்திருந்திருப்பாய்.

சனிக்கிழமை எனக்கு வந்தது. இலக்கியம். அடுத்த வாரம் நேரில் வரவேண்டும்.

அன்றே ஓடிவந்தேன். நீ கடலைக் கொல்லையில் இருந்தாய். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாய், கை முழுக்க மண்.

"வந்துருச்சா?"

"எனக்கு வந்துருச்சு."

"எனக்கு?"

ஒரு மூச்சு. உண்மையைச் சொல்ல அந்த ஒரு மூச்சளவு இடம் இருந்தது. அப்போதாவது சொல்லியிருந்தால் அடுத்த திங்களன்று கல்லூரி வாசலில் போய் நின்றிருக்கலாம், கெஞ்சியிருக்கலாம். இருவர் சேர்ந்து கெஞ்சினால் கேட்பார்கள்.

"உனக்கு இன்னும் வரல. அடுத்த லிஸ்ட்ல வரும்."

நீ என் விரல்களைப் பார்த்தாய். அவை துப்பட்டாவுக்குள் இருந்தன.

"சரி, நீ போயி எடம் புடி. நான் பின்னால வரேன்" என்றாய்.

அடுத்த பட்டியலில் உன் பெயர் இல்லை. அழைத்தும் வராத ஒருத்தியை யாரும் மறுபடி அழைக்கவில்லை. நீ ஒரு மாதம் காத்திருந்தாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். உன் பெயரில் ஒரு பெட்டி இருந்தது, அதைத் திறந்து பார்க்கவேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை. தேவைப்படவில்லை. நான்தான் பார்த்துக்கொள்கிறேனே.

*

பிறகு ஆலத்தியூர்ப் பக்கம் ஓர் எடைமேடையில் உன் அண்ணன் உன்னை வேலைக்குச் சேர்த்துவிட்டார். அங்கே கம்ப்யூட்டர் இருந்தது. பிரிவின் பெயர் பொய்க்கவில்லை.

அங்கே ஒரே ஒருமுறைதான் வந்தேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிகிற சமயம். அந்தப் பக்கம் ஓர் உறவினர் வீட்டு விசேஷம், வந்த வழியில் இறங்கினேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையில் நின்றன. சாலையோர முட்செடிகளெல்லாம் வெள்ளை. நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் நீ உட்கார்ந்திருந்தாய். லாரி மேடையில் ஏறும், எண்கள் ஓடி நிற்கும், நீ வண்டி எண்ணை அடிப்பாய், சீட்டு வெளியே வரும். லாரி இறங்கும். அடுத்த லாரி ஏறும்.

"உள்ள வாடி. கூண்டு மாதிரி இருக்குல்ல? பரவால்ல, ஏசி கூண்டு."

ஒரு டிரைவர் கண்ணாடியைத் தட்டி, கம்ப்யூட்டர் பாப்பா சீக்கிரம் போடு என்றார். நீ திரும்பாமலே சொன்னாய். "ஏறுன எடை ஏறுனதுதாண்ணே. நான் சீக்கிரம் போட்டா கொறஞ்சிடுமா?"

அவர் சிரித்துக்கொண்டே சீட்டை வாங்கிப் போனார். நீ எண்களைப் பார்க்காமல் அடித்தாய். வலது ஓரத்து எண்கள் மட்டும். அதை என்னிடம் காட்டினாய். "பாரு, பாதி கீபோர்டு கத்துக்கிட்டேன். எழுத்து பக்கம் போனா மட்டும் வழி தெரியாம நின்னுடறேன்."

பிறகு கல்லூரியைப் பற்றிக் கேட்டாய். இரண்டு லாரிகளுக்கு நடுவில் ஒரு கேள்வி. வகுப்பு மாடியிலா கீழேயா. உட்காருவது ஜன்னல் பக்கமா. ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும். நூலகத்தில் நாமே புத்தகத்தை எடுக்கலாமா, அவர்கள் எடுத்துத் தருவார்களா. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வேம்பு தெரியும், சைக்கிள் ஸ்டாண்டு தெரியும், அப்பால் குரும்பலூர் ரோட்டில் போகும் பஸ் தெரியும் என்றேன். நீ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாய், கடையில் பொருளைச் சரிபார்த்து வாங்குகிறவள்போல.

ஒரு நெடிய லாரி மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி கேட்டாய்.

"அந்த மெயிலு இன்னும் இருக்காடி?"

"எது?"

"எனக்குன்னு போட்டமே. பொட்டு வச்சது."

"பாஸ்வேர்டு மறந்துட்டேன்டி."

நீ லாரியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாய். என்னை என்றால், மேசைமேல் இருந்த என் கையை.

"நீயா மறந்த?"

அதில் கோபம் இல்லை. எண்கள் ஓடி நின்றன. நீ திரும்பி வண்டி எண்ணை அடித்தாய். டிஎன் அறுபத்தொன்று. நான் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று எழுந்தேன். கண்ணாடிக்கு வெளியே வந்து கையசைத்தேன். உள்ளேயிருந்து நீயும் அசைத்தாய். சத்தம் எதுவும் வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் உன்னிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது. 'பரீட்சை நல்லா எழுது.' ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பினேன். படித்துக்கொண்டிருந்தேன்.

நான் வந்துபோன ஏழாவது வாரம் உனக்குக் காய்ச்சல். ஐந்து நாள் கடை மாத்திரை, பிறகு பெரம்பலூர் ஆஸ்பத்திரி, பிறகு திருச்சி. நம் வகுப்புப் பெண்களின் குழுவில் உன் புகைப்படத்தைப் போட்டிருந்தார்கள். நான் மூன்றாம் நாள்தான் வந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன்னையத்தாம்மா பேசிக்கிட்டே இருக்கும். என் பாதி காலேஜில படிக்குதுன்னு சொல்லும்."

கையை உருவிக்கொள்ள முடியவில்லை. அவர் விடவும் இல்லை.

உன் காய்ச்சலுக்கும் அந்தத் திங்கட்கிழமைக்கும் தொடர்பில்லை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாததால் யாரும் சொல்ல வழியில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஒரு நாள் நம்புவேன். மறுநாள் கண்ணாடி அறை கண்ணுக்குள் வரும்.

*

மணி இரண்டரை. இதுவரை எழுதிவிட்டுத் திறந்தேன்.

உன்னுடையதை அல்ல, முதலில் என்னுடையதை. எச்சரிக்கை அனுப்பிய அதே இடத்திலிருந்து முன்பு வேறு ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடினேன். ஒன்று இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முந்தியது. நான் திறக்காத கடிதம், தடித்த எழுத்தில் அப்படியே கிடந்தது. உன் கணக்கில் ஒரு புதிய கணினியிலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார்கள். இது நீங்கள்தானா?

தேதியைப் பார்த்தேன். நான் எடைமேடைக்கு வந்துபோனதற்கு மறுநாள். முற்பகல் பதினொன்று பத்து.

வெளியே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

உன் கணக்கின் வாசலுக்கு வந்து கடவுச்சொல்லை அடித்தேன். என்னால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. விரல்களுக்கு மட்டும்தான் தெரியும். நீ அதை அந்த விரல்களிலிருந்துதான் எடுத்திருக்கிறாய். எழுத்துப் பக்கம் வழி தெரியாத உன் ஒற்றை விரலால், ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில், பழைய பெஞ்சையும் என் கையையும் நினைவில் நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி. டக். வெகுநேரம் கழித்து இன்னொரு டக்.

பெட்டி திறந்தது. விளம்பரங்கள், வரவேற்புக் கடிதங்கள். கீழே இறங்கிப் போனேன். கல்லூரியின் அழைப்பு அங்கேயே இருந்தது. திங்கட்கிழமைத் தேதி. நான் அன்று படித்துவிட்டதால் மங்கிய எழுத்தில்.

அதன் முன்னால் ஒரு மஞ்சள் நட்சத்திரம்.

முக்கியம் என்று குறித்துவைக்க, மௌஸால் ஒருமுறை அழுத்தினால் வரும் நட்சத்திரம். நான் வைக்கவில்லை. அந்தப் பெட்டி முழுவதிலும் அது ஒன்றுதான். எழுதி வைத்தது ஏதாவது இருக்கிறதா என்று வரைவுகளில் தேடினேன், அனுப்பியவற்றில் தேடினேன். ஒரு சொல்லும் இல்லை. எழுத்து என் பங்கு. நீ உன் பங்கில் செய்யக்கூடியதைச் செய்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போயிருக்கிறாய்.

ஏழு வாரங்கள் உனக்குத் தெரிந்திருக்கிறது. உனக்கு அழைப்பு வந்தது, நான் படித்தேன், கொல்லையில் நின்று பொய் சொன்னேன், கண்ணாடி அறையில் இன்னொரு பொய் சொன்னேன் என்று எல்லாம். அதற்குப் பிறகுதான் 'பரீட்சை நல்லா எழுது'. அதற்குப் பிறகுதான் உன் அம்மாவிடம் 'என் பாதி'.

நீ திட்டியிருந்தால் இதிலிருந்து வெளியே வந்திருப்பேன். மன்னித்தேன் என்று எழுதியிருந்தாலும் வந்திருப்பேன். ஒரு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது.

மௌஸைப் பிடித்து அதன்மேல் கொண்டுபோனேன். என் கை இன்னும் பழகாத கை. தெரியாமல் அழுத்திவிட்டால் நட்சத்திரம் அணைந்துவிடும். மறுபடி அழுத்தினால் திரும்ப எரியும், ஆனால் அப்போது அது நான் வைத்ததாகிவிடும். கையை எடுத்துவிட்டேன். விசைகளைக் கொண்டே ஒவ்வொரு கட்டமாகத் தாண்டி வெளியே வந்தேன்.

உள்ளே போய் வந்துவிட்டதால் கணக்கு இனி அழியாது. இன்னும் இரண்டு ஆண்டுகள். பிறகு மறுபடி எச்சரிக்கை வரும், நான் மறுபடி போவேன், நட்சத்திரத்தைப் பார்ப்பேன், தொடாமல் வருவேன். போகாமல் விட்டுவிடவும் முடியாது. மௌஸ் பிடித்த உன் கை இந்த உலகத்தில் விட்டுப்போன ஒரே அசைவு அங்கேதான் இருக்கிறது.

இருட்டிய திரைக்கு முன்னால், வெறும் மேசையில், விரல்களால் உன்னிடம் ஒரு கேள்வியை அடித்தேன். என்ன கேள்வி என்று நீ பார்த்தாலே படித்துவிடுவாய். ஒரு தட்டா, இரண்டா என்று காத்திருந்தேன்.

யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை.

ஒரு பெண். பதினேழு வயது இருக்கும். வியர்த்திருந்தாள். "அக்கா, அப்ளிகேஷன் போடணும். மெயில் ஐடி இல்ல. நீங்களே ஒண்ணு போட்டுக் குடுத்துடுறீங்களா?"

பின்னால் இன்னும் நான்கைந்து பேர் நின்றார்கள். ஷட்டரை முழுக்க ஏற்றினேன். நாற்காலியை அவளுக்கு விட்டேன். கீபோர்டையும் மௌஸையும் அவள் பக்கம் தள்ளினேன்.

"நீயே அடி."

"எனக்கு வராதுக்கா. லேப்புல மௌஸ்தான் புடிச்சிருக்கேன்."

"தேடித் தேடி அடி. நான் நிக்கிறேன்."

வரிசையில் முணுமுணுப்பு. ஒரு அப்பா கடிகாரத்தைக் காட்டினார். அவள் தன் பெயரின் முதல் எழுத்தைத் தேடிக் குத்தினாள். டக். கடவுச்சொல் கேட்கிற கட்டம் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மாற்றுத் தொடர்புக்கு வீட்டு எண்ணைப் போடு, கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே, என்னிடமும் சொல்லாதே என்றேன்.

பிறகு அவள் விரல்கள் என் கண்ணில் படாதபடி திரும்பி நின்றேன். இந்த அறையில் திரும்பி நின்று பார்க்கச் சுவர் மட்டும்தான் இருக்கிறது. அவள் அடித்து முடிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.